யார் சொல்லிக்கொடுத்தது?

ஆளுக்கொரு பாத்திரமாகி, தட்டச்சு செய்தே சேர்ந்து கதை நடத்துகிற நம் ரோல்ப்ளே குரூப்பில் நேற்று ராத்திரி இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேர்ந்திருக்கும், ‘லாஜிக் டீச்சர்’ என்ற பட்டத்தோடு. நன்றி.

நான் கேட்டது ஒரே கேள்வி. புது ஆள் ஒருவர் கொண்டுவந்த பாத்திரம்: பதினேழு வயதுப் பெண், குறி தப்பாத வில்லாளி, ஏழு மொழி பேசுவாள், விஷமுறிவும் தெரியும். சரி, யார் சொல்லிக்கொடுத்தது? வந்த பதில்: “பிறவித் திறமை. குடும்பத்தையே கொன்னுட்டாங்க.” குடும்பம் செத்தால் ஏழு மொழி வந்துவிடுமா?

“டிராகன் வர்ற கதையில என்ன லாஜிக்?” என்று உடனே ஒரு கூட்டம். டிராகனைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. அது ரோல்ப்ளேவில் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட பொய். இது ஒருத்தர் மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்கள் தலையில் கட்டுகிற பொய்.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் தூக்கினார்கள். அதிலிருந்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே நின்றிருந்தது. சின்ன வயதிலிருந்து கனமான வில்லை இழுத்ததால் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வித்தை உடம்பில் தடம் வைக்கும். இவளுக்கோ விரல்கள் ‘தாமரைத் தண்டு’. ஒரு காய்ப்புகூட இல்லை.

பாத்திரத்தின் பின்னணியைப் பத்துப் பக்கம் எழுதச் சொல்கிறேனா? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ரோல்ப்ளே விளையாட்டின் 2014 பதிப்பே ஒரு லட்சியம், ஒரு பந்தம், ஒரு குறை என்று வரிக்கணக்கில்தான் கேட்கிறது. முன்பு எங்களோடு ஆடிய ஒருவர் சுங்கச்சாவடிக் கணக்கன் ஒருவனைக் கொண்டுவந்தார். எந்தக் காசு கைக்கு வந்தாலும் பல்லில் கடித்துப் பார்ப்பான். கள்ளக்காசு வாங்கி வேலை போனவன். அவ்வளவுதான் பின்னணி. அந்தக் கடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கள்ளக்காசு அடிப்பவனாக வந்தார், நான் அவனுக்குக் கடன்காரியானேன், கதை தானாக ஓடியது. பிறவித் திறமையில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? யார் சொல்லிக்கொடுத்தது என்றால், அந்த ஆசானாகவாவது ஒருவர் உள்ளே வரலாமே!

புது ஆளாம், பயந்துவிடுவாராம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றுக்கு விடத் தெரிந்த புது ஆள்.

பொறாமை என்றும் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். நான் ஆடும் பாத்திரமான மருத்துவச்சி ஒரு கிழவியிடம் பன்னிரண்டு வருஷம் ஏச்சு வாங்கி மூலிகை கற்றவள். இன்னும் குருதட்சணை பாக்கி. நேற்று விஷம் குடித்தவன் அவள் மடியில் கிடக்கிறான். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், அது எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குள் வில்லாளி வந்தாள், ஏதோ இலையைக் கசக்கி இரண்டு சொட்டு விட்டாள், அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கைதட்டல் இமோஜி வரிசையாக. “ஒரு நிமிஷம், அவங்க எழுதிட்டிருக்காங்க” என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இத்தனை நாள் கூட ஆடியவர்கள்தான் எல்லோரும்.

இன்று ராத்திரி நான் வரவில்லை, நடத்துங்கள். மருத்துவச்சியை மட்டும் யாரும் சாகடித்துவிட வேண்டாம். கிழவிக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறது.