கறுப்பின மாணவர்களுக்குத் தனி விடுதியா? இல்லை

"லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மாணவர்களைத் தனி விடுதியில் ஒதுக்கிவிட்டார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. 2016-இல் கிளம்பிய பழைய கதை இது.

நடந்தது வேறு. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், 192 பேர் தங்கும் குடியிருப்புக்குள் 24 பேருக்கான ஒரு பகுதியைக் கறுப்பின மாணவர்களின் அனுபவங்களை மையமாக வைத்து அமைத்து, அதற்கு 'ஹலிசி' என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலியில் 'அசல்' என்று பொருள். கேட்டது நிர்வாகம் இல்லை, கறுப்பின மாணவர் சங்கம். வளாகத்தில் தாங்கள் சந்தித்த இனவெறிப் பேச்சுகளைச் சொல்லி 2015-இல் கோரிக்கை வைத்தார்கள். அங்கே எந்த இனத்தவரும் சேரலாம் என்று பல்கலைக்கழகமே அப்போது விளக்கிவிட்டது. சரி, விளக்கம் எப்போது தலைப்புச் செய்தி ஆகியிருக்கிறது?

ஒதுக்குவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 1962-க்குப் போகலாம். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித், மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசின் காவல் அதிகாரிகளின் பாதுகாப்போடுதான் விடுதியில் தங்கினார். தூங்கவிடாமல் இருக்க, மேல்மாடியில் ராத்திரி முழுக்கக் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள் சக மாணவர்கள்.

அரசு நிதி வாங்கும் கல்லூரி இனத்தைப் பார்த்து அறை ஒதுக்குவதை அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது.