வீடியோ கேம் விளையாடுவதே மனநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததா?

வீடியோ கேம் விளையாடும் பழக்கத்தையே மனநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, அந்த நிறுவனம் வெளியிடும் நோய்ப் பட்டியலான நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் மனநலக் கோளாறாக இடம்பெற்றிருப்பது 'விளையாட்டுக் கோளாறு' என்னும் குறிப்பிட்ட நிலை மட்டுமே. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாட்டை இழப்பதும், அன்றாட வேலைகளைப் பின்னுக்குத் தள்ளி விளையாட்டுக்கே முதலிடம் தருவதும், பாதிப்பு நேர்ந்த பின்னும் விடாமல் தொடர்வதும் சேர்ந்து, குடும்பத்தையோ படிப்பையோ வேலையையோ கடுமையாகக் குலைத்தால்தான், அதுவும் பொதுவாகக் குறைந்தது 12 மாதங்கள் நீடித்தால்தான், அது கோளாறாகக் கருதப்படும். அறிகுறிகள் மிகக் கடுமையாக இருந்தால் இந்தக் காலவரம்பு குறையலாம்.

சாப்பிடக் கூப்பிட்டால் "இந்த ஓர் ஆட்டம் முடியட்டும்" என்று கெஞ்சிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து வரும் பிள்ளையை இந்த வரையறை தொடவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு மனநோயாளி என்று பட்டம் கட்டுவது கொடுமை என்றே கருதுகிறேன். தூக்கமும் படிப்பும் கெட்ட பின்னும் கைப்பேசியைக் கீழே வைக்க முடியாமல் மாதக்கணக்கில் தவிக்கும் பிள்ளையை மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். விளையாடுவோரில் மிகச் சிறு பகுதியினரே இந்நிலைக்கு ஆளாவதாக அந்த நிறுவனமே கூறியிருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அந்த வரையறையில் எங்கும் சொல்லப்படவில்லை.