ஜீமெயிலில் புள்ளி வைத்தால் ஸ்பாம் வராதா?

ஹட்டன் டவுனில் கடைகளுக்கு ஈமெயில் முகவரி கொடுக்கும்போது பெயருக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் அது தனி முகவரியாகிவிடும், விளம்பர மெயில் நம் பெட்டிக்கு வராது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அப்படி இல்லை தம்பி. ஜீமெயில் டொட் கொம் என்று முடியும் முகவரிகளில் பெயரிலுள்ள புள்ளிகளைக் கூகுள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எத்தனை புள்ளி வைத்தாலும் மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும். (வேலைத்தளமோ பாடசாலையோ தன் சொந்த டொமைனில், அதாவது @ குறிக்குப் பின்னால் தன் பெயரோடு, கொடுத்த முகவரி என்றால் கதை வேறு, அங்கே புள்ளி முக்கியம்.)

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அக்காவின் போனிலிருந்து உங்கள் முகவரிக்குக் கண்டபடி இரண்டு மூன்று புள்ளி போட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். மழைக்குள் சிக்னல் கிடைத்தால் ஒரு நிமிட வேலை.

தம்பி தேடியது அநேகமாகக் கூட்டல் குறியாக இருக்கும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் 'shop' போல ஒரு ஆங்கிலச் சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் உங்களுக்கே வரும், ஆனால் அந்த முகவரிக்கு வருவதை மட்டும் ஃபில்டர் போட்டு நேரே குப்பைக்கு அனுப்பலாம். சில தளங்களின் படிவங்கள் அந்தக் குறியை ஏற்காது, அது வேறு தலைவலி.