வுட்ஸ்டாக்கில் ஒரே ஒரு கல்

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளென்ஹைம் அரண்மனைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெரிய பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் ஒரு புல்மேடு, அதில் ஒரு கல். அதுவரை நடந்துபோய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. இங்கிலாந்தின் அரசர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வந்து தங்கிய வுட்ஸ்டாக் அரண்மனை அங்கேதான் இருந்தது. போன வருஷம் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

முதலாம் ஹென்றி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வேட்டைக்காட்டைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். உள்ளே சிங்கம், சிறுத்தை, ஒட்டகம் எல்லாம் வளர்த்தார். ஒரு முள்ளம்பன்றிகூட இருந்ததாம். 1330இல் அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன், ‘கறுப்பு இளவரசர்’ எனப்படும் எட்வர்ட் பிறந்ததும் இங்கேதான்.

அப்புறம், பின்னாளில் அரசியான முதலாம் எலிசபெத். 1554இல், இருபது வயதில், அப்பா ஒன்று, அம்மா வேறான அக்கா அரசி மேரி அவரை இங்கே காவலில் வைத்தார். அதற்குள் அரண்மனை சிதைந்துபோயிருந்ததால் வாயில் மாளிகையில்தான் இடம் கிடைத்தது. என்மீது சந்தேகம் நிறைய, நிரூபிக்க ஒன்றும் இல்லை என்ற பொருளில் ஜன்னல் கண்ணாடியில் வைரத்தால் கீறி எழுதினார் என்று அந்த நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஜன்னல் இருந்த சுவர்கூட இன்றைக்கு இல்லை.

17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அரண்மனை அடிபட்டது உண்மைதான். ஆனால் மிச்சம் நின்ற சுவர்களைப் போர் இடிக்கவில்லை. 1705இல் அரசி ஆன் இந்த நிலத்தை படைத்தளபதி மார்ல்பரோ கோமகனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அங்கே எழுந்த புது அரண்மனையான பிளென்ஹைமை வடிவமைத்தவர் ஜான் வான்ப்ரூ. அவரே 1709 ஜூனில் கோமகனின் மனைவி சாராவுக்கு, பழைய கட்டடத்தை விட்டுவைக்கச் சொல்லி எழுதினார். இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்தால் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு வரும், சுற்றிலும் மரம் வைத்தால் ஓவியம் மாதிரி இருக்கும் என்பது அவர் வாதம். பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக அந்தக் காலத்தில் யார் பேசினார்கள்! சாராவோ, அவர் தான் குடியிருக்கத்தான் அதைக் கேட்கிறார் என்று நினைத்தார். வான்ப்ரூ அங்கே சில அறைகளைச் சரிசெய்து தங்கியதும் உண்மை. சரி, இருக்கட்டுமே, அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமா? 1716இல் சாராவோடு சண்டை முற்றி அவர் வேலையை விட்டார். 1720களில் எஞ்சியிருந்ததும் அகற்றப்பட்டது. 1725இல் மனைவியோடு பார்க்க வந்தவரைப் பூங்காவுக்குள்ளேயே விடவில்லை.

ஒரு கல் போதாது என்பேன். சுவர்கள் நின்ற இடம் தெரிந்த அளவுக்காவது புல்தரையில் கோடு பதித்துக் காட்டலாம். வாயில் எங்கே, கூடம் எங்கே என்று வருகிறவர்கள் கால் வைத்து நடந்து பார்க்கட்டும். பாலத்தில் படம் எடுக்கிற கூட்டத்தில் நாலு பேராவது இந்தப் பக்கம் வருவார்கள்.