19 வயது வீரர் ஜூனியரில் பங்கேற்கலாமா?

2025 பிப்ரவரியில் கனடாவின் கால்கரியில் நடந்த உலக ஜூனியர் ஷார்ட் ட்ராக் (பனித்தளத்தில் குறுகிய சுற்றுப்பாதையில் நடக்கும் ஸ்கேட்டிங் பந்தயம்) போட்டியில் 19 வயதானவர்கள் பனியில் இறங்கியது விதிமீறல் என்று ஒரு கருத்து சுற்றிவருகிறது. அப்படி இல்லைங்க.

போட்டி நாளன்று என்ன வயது என்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பார்ப்பதில்லை. அந்தப் போட்டிக்கு முந்தைய ஜூலை 1-க்கு (கால்கரிக்கு அது 2024 ஜூலை 1) முன்பே 19 நிரம்பிவிட்டதா என்பதுதான் கேள்வி. 2005 செப்டம்பரில் பிறந்தவருக்குக் கால்கரியில் வயது 19. ஆனாலும் அவர் ஜூனியர்தான். அதே ஆண்டு மே மாதம் பிறந்தவருக்கு இடமில்லை. நான்கே மாத வித்தியாசம், கொஞ்சம் கொடுமைதான்! பனிக்காலப் பருவம் இரண்டு ஆண்டுகளில் பரவிக் கிடப்பதால், நடுவில் வயதுக் கணக்கு மாறாமலிருக்க இந்த ஏற்பாடு வசதி.

சரிபார்க்க விரும்பினால், சங்கத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு போட்டிக்குமான அறிவிப்பைத் திறந்து தகுதி விதிகள் பகுதியைப் படியுங்கள். பிறகு நீங்கள் சந்தேகப்படும் வீரரின் பிறந்த தேதியை 2005 ஜூலை 1-உடன் ஒப்பிடுங்கள். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் வயது வரம்பைத் தாண்டவில்லை. விக்கிப்பீடியாவில் வயதை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.