குலுக்கிப் போட்டால் நியாயமாகிவிடுமா?

சில வருடங்களுக்கு முன் 16 அணிகள் விளையாடிய ஒரு ஆன்லைன் வீடியோ கேம் டோர்னமென்டுக்கு நான் அட்மினாக இருந்தேன். யாருக்கும் சாதகம் செய்தேன் என்ற பேச்சே வரக்கூடாது என்று, ஸ்ட்ரீமில் எல்லார் முன்னாலும் பெயர்களைக் குலுக்கி, யார் யாரோடு மோதுவது என்ற பிராக்கெட்டைப் போட்டேன். அதற்கு முந்தைய லீக்கில் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டன. சிங்கிள் எலிமினேஷன், அதாவது ஒரு தடவை தோற்றால் வெளியே. அதுவும் ஒரே ஒரு மேப், ஒரே ஆட்டம். முக்கால் மணி நேரத்தில் ஒரு அணி வெளியே. அன்று ராத்திரி அந்த அணியின் கேப்டன் அனுப்பிய மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது: "அண்ணா, தோத்ததுக்கு வருத்தம் இல்ல. ஆனா மூணு மாசமா லீக்ல ஜெயிச்சதெல்லாம் எங்க போச்சு?"

பதில் டைப் செய்ய உட்கார்ந்தேன். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நான் ஒரே விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அணி ஜெயித்து வாங்கியது அடுத்த கட்டத்துக்கும் அதனுடன் வர வேண்டும். குலுக்கல் யார் பக்கமும் சாயாது என்பது உண்மைதான். ஆனால் மூன்று மாத உழைப்பையும் அது கண்டுகொள்ளாது.

இது இன்று வந்த பிரச்சினையும் இல்லை. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன், 1883-லேயே டென்னிஸ் போட்டிகளைப் பார்த்து இதே கோபத்தோடு ஒரு சிறு பிரசுரம் எழுதினார். 32 பேர், குலுக்கல் டிரா, எப்போதும் பலசாலிதான் ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் இரண்டாம் பரிசு வாங்கும் வாய்ப்பு 31-க்கு 16தான். முதலாவது சிறந்த ஆட்டக்காரர் இருக்கும் பாதியில் இவர் பெயர் விழுந்துவிட்டால், இறுதிக்கு முன்னாலேயே எங்காவது அவரிடம் தோற்றுத்தான் ஆக வேண்டும். திறமை இருந்தும் ஏறக்குறைய நாணயம் சுண்டும் நிலைமை.

முந்தைய ரிசல்ட்டை வைத்து அணிகளை வரிசைப்படுத்தி பிராக்கெட் போடும் சீடிங் இதைத்தான் சரிசெய்கிறது. 16 அணி பிராக்கெட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் சுற்றில் 1-க்கு 16, 2-க்கு 15, 8-க்கு 9 என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும். அதிர்ச்சித் தோல்வி இல்லையென்றால் அந்தக் கூட்டுத்தொகை காலிறுதியில் 9, அரையிறுதியில் 5. முதலிடத்தில் வந்த அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லாரையும்விட எளிதான எதிரி. அது சலுகை இல்லை, ஏற்கெனவே ஜெயித்ததற்கான கூலி.

"இது பெரிய அணிகளைக் காப்பாற்றும் வேலை, புதுசா வர்றவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சீடிங் பட்டியலுக்கு அது பார்த்த ஆட்டங்கள் மட்டும்தான் தெரியும். 2019 பிப்ரவரியில் லாகூரிலிருந்து ஜப்பானின் ஃபுகுவோகாவுக்குப் போன அர்ஸலான் ஆஷை டெக்கன் என்ற சண்டை கேம் உலகத்தில் பலருக்கும் தெரியாது. அவர் எவோ ஜப்பான் போட்டியை ஜெயித்தார், அதே ஆகஸ்டில் லாஸ் வேகஸில் எவோவையும் ஜெயித்தார். அவரைத் தடுக்காமல் இருந்தது குலுக்கல் இல்லை. எவோவில் டபுள் எலிமினேஷன், இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே. ஒரு தடவை சறுக்கினாலும், தோற்றவர்களுக்கான லோயர் பிராக்கெட் வழியாக மேலே வரலாம். சீடிங் தப்பாக இருக்கலாம், அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ள ஃபார்மட்டில் இடம் இருந்தால் போதும்.

அந்த இடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஃபார்மட் தேர்வு. 16 அணிகளுக்கு சிங்கிள் எலிமினேஷன் என்றால் 15 மேட்ச். எல்லாரும் எல்லாருடனும் மோதினால் 120, எந்த அட்மினாலும் தாங்க முடியாது. மூன்று வெற்றியில் உள்ளே, மூன்று தோல்வியில் வெளியே என்கிற ஸ்விஸ் முறையில் 33. ஒரே வெற்றி-தோல்விக் கணக்கில் இருப்பவர்கள் மோதுவதால், சுற்று போகப் போக அவரவர் இடம் தெரிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த ஃபார்மட் இதுதான்.

ஆனால் ஸ்விஸ் முடிந்த பிறகு குலுக்கினால்? 2023 லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஸில் 3-0 (மூன்று வெற்றி, தோல்வியே இல்லை) என்று வந்த ஜென்.ஜிக்கும் ஜேடிஜிக்கும் 3-2 அணிகள் எதிரி, அது சரி. மிச்சம் இருந்தவை 3-1 அணிகள் மூன்று, 3-2 அணி ஒன்று. எல்என்ஜியும் டி1-ம் 3-1 அணிகள், ஆனால் டிரா அவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டது. 3-2 அணியான வெய்போவுக்கு இன்னொரு 3-1 அணியான என்ஆர்ஜி கிடைத்தது, வெய்போ அந்த சீரிஸை 3-0 என்று ஜெயித்தது. வெய்போ இறுதிவரை போய் டி1-இடம் 0-3 தோற்றது. அந்த வருடம் தன் லீக்கில் இரண்டு பட்டங்களையும் எம்எஸ்ஐ என்ற சர்வதேசப் போட்டியையும் வென்ற ஜேடிஜி, டி1-ஐச் சந்தித்தது அரையிறுதியில். நிஜமான இறுதி அதுதான் என்று எத்தனை பேர் பேசினோம்! கவுன்டர் ஸ்ட்ரைக் கேமின் பெரிய போட்டிகளான மேஜர்களில் இந்த இடத்தைக் குலுக்கலுக்கு விடுவதில்லை. யார் யாரை எதிர்த்து ஆடினாய் என்று எதிரிகளின் பலத்தைக் கூட்டிப் பார்க்கும் புக்ஹோல்ட்ஸ் கணக்கு இருக்கிறது. அதை வைத்து வரிசைப்படுத்தினால் தீர்ந்தது.

வெற்றிக்கு மதிப்பு இல்லாமல் போனால் ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதை 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பேட்மின்டனில் பார்த்தோம். அடுத்த சுற்றில் வசதியான டிரா வேண்டும் என்று பெண்கள் இரட்டையர் ஜோடிகள் வேண்டுமென்றே நெட்டில் அடித்தார்கள். 8 பேர் தகுதிநீக்கம். அவர்கள் செய்தது தப்பு, நான் மறுக்கவில்லை. தோற்றால் லாபம் என்று ஒரு ஃபார்மட்டை எழுதியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அப்புறம் கிராண்ட் ஃபைனல். இதில் என்னோடு சண்டை போடாத நண்பர்களே இல்லை. 2021-ல் நடந்த, டோட்டா 2 கேமின் பெரிய போட்டியான இன்டர்நேஷனல், 4 கோடி டாலரைத் தாண்டிய பரிசுத்தொகை. டீம் ஸ்பிரிட் முதல் சுற்றிலேயே இன்விக்டஸ் கேமிங்கிடம் தோற்று லோயர் பிராக்கெட்டில் விழுந்து, அங்கிருந்து ஏறி வந்து பிஎஸ்ஜி.எல்ஜிடியை 3-2 என்று சாய்த்தது. அந்த ஐந்தாவது கேமில் நானும் கத்தினேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மெயின் ஈவென்டில் ஸ்பிரிட் தோற்றது ஒரு சீரிஸ், எல்ஜிடி தோற்றதும் ஒரே ஒரு சீரிஸ். ஒருவருக்கு இரண்டாவது உயிர் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. லோயர் பிராக்கெட்டிலிருந்து வந்தவர் ஜெயித்தால் இன்னொரு சீரிஸ் ஆட வைக்கும் ரீசெட்டை, எவோ மாதிரி வைத்திருக்க வேண்டும். ஐந்து கேம் சீரிஸ் இரண்டு என்றால் பத்து கேம் ஆகிவிடுமே என்பார்கள். மூன்று கேம் சீரிஸாக வையுங்கள், ரீசெட் ஆனாலும் அதிகபட்சம் ஆறுதான்.

இப்போது நான் டோர்னமென்ட் நடத்தினால் சீடிங் பட்டியலை இரண்டு நாள் முன்னாலேயே டிஸ்கார்டில் போட்டுவிடுகிறேன், ஒவ்வொரு இடத்துக்கும் எந்த ரிசல்ட் காரணம் என்ற வரியோடு. ஒரு நாள் ஆட்சேபத்துக்கு. போன தடவை ஏழாவது சீட் கொடுத்த அணி, தாங்கள் ஐந்தாவது சீட் அணியை லீக்கில் இரண்டு முறை தோற்கடித்ததை ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டினார்கள். மாற்றினேன். அந்தக் கேப்டனின் பழைய மெசேஜுக்குக் கீழே அந்தப் பட்டியலையும் அனுப்பி வைத்தேன்.