ஓடிபி சொல்வதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள்

தி.நகரோ வேளச்சேரியோ, எந்த ஃபோன் கடைக்குள் போனாலும் விலை கேட்பதற்கு முன்பே ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். "ஆதார் நம்பர் சொல்லுங்கண்ணா, அஞ்சே நிமிஷம், ஜீரோ இன்ட்ரஸ்ட்." ஓடிபி சொன்னால் கடன் ஓகே. எவ்வளவு பிடிப்பார்கள் என்பது முதல் தவணை போன பிறகுதான் தெரியும்.

ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிராசஸிங் ஃபீஸ், இன்சூரன்ஸ் என்று வேறு பெயரில் வாங்கிவிடுவார்கள்.

2024 அக்டோபர் முதல், தனிநபர் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வாங்கும் முன் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைத் தந்தே ஆக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்களைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே தமிழில் கேளுங்கள், முறைத்தால் முறைக்கட்டும். யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே ஆஃபர் முடியுது சார்" என்பதெல்லாம் கடைக்காரர் அவசரம். (கிரெடிட் கார்டு பாக்கி இந்த விதிக்குள் வராது, அது தனிக்கதை.)

சரி, தவணை தவறிவிட்டது. கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ரெகவரி ஏஜென்ட் அழைக்கக் கூடாது. மாமனாருக்கும் ஆபீஸ் நண்பருக்கும் ஃபோன் போட்டு அசிங்கப்படுத்தவும் கூடாது. கடன் ஆப்கள் உங்கள் கான்டாக்ட், கேலரியைத் தொடக் கூடாது என்று 2022-லேயே உத்தரவு வந்துவிட்டது. அபராதத் தொகைக்கு மேல் வட்டி போடுவதும் இப்போது தடை.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயம்தான். ஏஜென்ட்டுகளின் மொத்த முதலீடும் அதுவே என்பேன்.

மிரட்டல் வந்தால் அழைப்பு விவரம், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். முதலில் கடன் தந்தவர்களிடமே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, விவரத்துக்கு 14448. ரிசர்வ் வங்கியில் பதிவே இல்லாத ஆப் என்றால் அங்கே போய்ப் பயனில்லை. நேரே சைபர் கிரைம், 1930.